பல்லிக்கு என் அக்காவின் குரல்

ட்யூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் பல்லி கத்தியபோது என் கையில் பாதி கடித்த போண்டா இருந்தது.

பெண் பார்க்கப் போன வீடு. மாரண்டஅள்ளியைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அப்பா, அம்மா, அக்கா, நான், எங்களைக் கூட்டி வந்த கல்யாணத் தரகர். எதிர்ப் பக்கம் பெண்ணின் அப்பா மாதப்பன், அவர் மனைவி, பெண்ணின் தாய்மாமன் முருகேசன். பெண் கோமதி காபி கொடுத்துவிட்டுப் போய் உள் அறை வாசலில் நின்றிருந்தாள்.

எல்லாம் பேசியாகிவிட்டது. இரண்டு பக்கமும் முகம் மலர்ந்துதான் இருந்தது. 'அப்ப தட்டு மாத்த ஒரு நாள் பாத்துடலாங்களா' என்று அப்பா ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் பல்லி கத்தியது.

அம்மா பழக்கதோஷத்தில் நாற்காலிக் கையை விரலால் தட்டினாள். மாதப்பன் மனைவியும் தட்டினார். முருகேசன் மட்டும் தலையைத் தூக்கி, அது எந்த மூலை என்று நிதானமாகக் கணக்குப் போட்டார். தென்மேற்கு என்று முடிவானது. பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு ஆப்பைத் திறந்தார். திறந்ததும் கோயில் மணி கணகணவென்று அடித்தது.

போண்டா எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. அந்த மணியை வைத்தவன் நான். அந்த ஆப்பைச் செய்தவனே நான்தான். அந்த ஹாலில் அது என்னையும் அக்காவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இந்தத் தொடரில் நான் பீற்றிக்கொள்வது கொஞ்சம் அதிகம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் நிம்மதியாகப் படிக்கலாம்.

பையன் என்ன பண்றாப்ல?

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். இங்கே ஒருவன் பகலில் வீட்டில் இருந்தால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் வேலை இல்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் குப்பை கொட்டிவிட்டு, அங்கே இருக்கப் பிடிக்காமல் ஊருக்கு வந்தேன். வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. வெயில் காலத்தில் லேப்டாப்பும் நானும் ஒன்றாகக் கொதிப்போம். அங்கே உட்கார்ந்து சொந்தமாக மொபைல் ஆப் செய்தேன். செய்வது, ப்ளே ஸ்டோரில் ஏற்றுவது, பழுது பார்ப்பது, திட்டு வாங்குவது எல்லாமே நான் ஒருவன்தான்.

இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? 'செல்போன்ல வேலை' என்று அம்மா ஒருமுறை சொல்லிவைத்தாள். மறுநாளிலிருந்து டிஸ்ப்ளே உடைந்த போன்களைத் தூக்கிக்கொண்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு ரிப்பேர் தெரியாது என்றதும், இதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படித்தான் என்று போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள்.

அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். 'பெங்களூர் கம்பெனிதாங்க, வூட்ல இருந்தே பாக்கறான்' என்று சொல்லிவிடுவார். நான் அந்தக் கம்பெனியை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. முதல்முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது வசதியாக இருந்தது. பொய் அப்பா வாயில் இருக்க, அதன் சுகத்தை நான் அனுபவித்தேன்.

தக்காளியும் பல்லியும்

நான் பெருமையாகச் செய்த ஆப் வேறு. பாலக்கோடு மார்க்கெட்டில் அன்றன்றைய தக்காளி விலையைச் சொல்லும் ஆப். அதற்காகக் காலையில் மார்க்கெட்டுக்குப் போய், தக்காளி அடுக்கிய கிரேடுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, மூக்கைத் துளைக்கும் அந்தப் புளித்த வாசத்தில் விலையைக் கேட்டுக் கேட்டுப் போனில் ஏற்றுவேன். நான் ஏற்றி முடிப்பதற்குள் விலை மாறியிருக்கும். யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. என் சித்தப்பா மட்டும் வைத்திருந்தார். அவரிடம் தக்காளித் தோட்டம் கிடையாது.

ஒருநாள் பொழுது போகாமல், பல்லி விழும் பலன், பல்லி கத்தும் பலன் இரண்டையும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தட்டி, ஒரு ஆப்பாகப் போட்டுவிட்டேன். கல்லூரியில் இதையெல்லாம் கேலி செய்து மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். ஆகவே என் பெயர் போடாமல் குலதெய்வத்தின் பெயரைப் போட்டேன். சாமிக்குத் தெரிந்தால் பரவாயில்லை, சிநேகிதர்களுக்குத் தெரியக் கூடாது என்று இருந்தது.

அது பிய்த்துக்கொண்டு போனது. நான் தூங்கும்போதும் யார் தலையிலோ பல்லி விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக் கரண்ட் பில்லிலிருந்து அம்மாவின் கண் ஆபரேஷன் வரை எல்லாம் அதில் வந்த விளம்பரக் காசில்தான், பல்லியின் தயவு. நான் அதைப் பற்றி அப்பா அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஞ்சாங்கம் பழையது. சில கட்டங்களில் எழுத்து மங்கிப்போயிருந்தது. அங்கெல்லாம் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து, தோதாக நானே எழுதி நிரப்பினேன். எல்லாமே நல்லதாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று சிலவற்றைக் கெட்டதாக எழுதினேன். எவை பஞ்சாங்கத்தில் இருந்தவை, எவை என்னுடையவை என்று பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அது முக்கியம் என்று தோன்றவில்லை.

அக்கா பேசியது

வயதானவர்களுக்குப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, வாசித்துக் காட்டினால் நல்லது என்று பலர் கேட்டார்கள். குரலுக்கு ஆள் வைக்க வசதியில்லை. அக்காவைப் பிடித்தேன்.

அக்கா பெயர் செல்வி. பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குக் கொஞ்சம் கட்டைக்குரல். நல்ல விஷயத்தைச் சொன்னால்கூடக் கண்டிப்பது போலத்தான் இருக்கும். மாடி அறை ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க அவளைப் பேச வைத்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவும்போதெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

நல்ல பலன்களை அவள் கடனுக்குப் படித்தாள். கெட்ட பலன் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்திச் சொல்வாள். யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று கேட்டேன். மாமியாரை என்றாள்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். திரையில் வரும் எழுத்து இண்டர்நெட் வழியாக என்னிடமிருந்து வருவது. எழுத்துப் பிழை இருந்தால் நான் இங்கே திருத்தினால் போதும், எல்லார் போனிலும் மாறிவிடும். அக்காவின் குரல் அப்படியல்ல. அது ஆப்போடு சேர்ந்து ஒவ்வொருவர் போனிலும் போய் உட்கார்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால் புதிதாகப் பேசி, புதிய ஆப்பை ஏற்ற வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி ஓரம்

பல்லி கத்துவதற்கு முன்னால், கோமதியும் நானும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும் என்று பின்பக்கம் அனுப்பியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றோம். தருமபுரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். தரையைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்தே பேசினாள்.

எந்தக் கம்பெனி என்று கேட்டாள். நான் மென்று விழுங்கினேன். அவளே சிரித்துவிட்டு, பெங்களூர் கம்பெனி என்பது தரகர் எல்லா மாப்பிள்ளைக்கும் போடும் சட்டை, அதை நம்பவில்லை என்றாள். எனக்குப் பாரம் இறங்கியது. சொந்தமாக ஆப் செய்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் முகத்தில் சுளிப்பில்லை. ஆர்வமாகத்தான் கேட்டாள்.

"என்ன ஆப்புங்க?"

அந்த ஒரு நொடியில் பல்லி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவள் முன்னால் பெரிய ஆளாக நிற்க வேண்டும் போல இருந்தது.

"தக்காளி வெலை சொல்ற ஆப்புங்க. விவசாயிங்களுக்கு."

அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், அப்பா பாலக்கோட்டுக்குத்தான் தக்காளி ஏற்றுகிறார் என்றாள். உள்ளே திரும்பி வரும்போது இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அதற்கு முன் பார்த்த எந்த வீட்டிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

தென்மேற்கு

முருகேசன் விரலால் அழுத்தினார். மணி ஓய்ந்தது. அக்காவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"ஞாயிற்றுக்கிழமை. தென்மேற்கு. எடுத்த காரியம் தடைபடும். உறவில் மனக்கசப்பு உண்டாகும். இன்று எதையும் முடிவு செய்யாதிருப்பது நலம்."

முதலில் எல்லாரும் பல்லி இருந்த பக்கம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக ஒவ்வொருவராக என் அக்கா பக்கம் திரும்பினார்கள். வந்ததிலிருந்து பட்டுப்புடவைக் கரையிலிருந்து பஸ் வசதி வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் அவள். அந்தக் குரலை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மாதப்பன் மனைவிதான் கேட்டார். "ஏங் கண்ணு, இது உன் கொரலு மாதிரியே இருக்குதே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போண்டாவைப் பார்த்தேன். என் அக்காவுக்குப் பொய் வராது. "என் கொரலுதாங்க. இவந்தான் கேட்டான், பேசிக் குடுத்தேன்" என்றுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அந்த ஆப்பை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்பா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தரகர் தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். உள் அறை வாசலிலிருந்து கோமதி கேட்டாள்.

"தக்காளி வெலைன்னு சொன்னீங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் நடந்ததுதான் என்னைக் கெடுத்தது.

முருகேசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு ஒரே ஆச்சரியம். இந்த ஊரில் பாதிப் பேர் இதை வைத்திருக்கிறார்கள், இதைச் செய்தவர் நம் வீட்டுக்கே வந்திருக்கிறாரா என்றார். மாதப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். ஊரில் இதுவரை ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

பிறகு முருகேசன் தயங்கித் தயங்கி, எல்லாம் சரி, ஆனால் பலன் தடை என்றல்லவா வருகிறது என்றார். நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாமி கும்பிட்டுவிட்டு வேறொரு நாள் பேசலாம் என்று அப்பா சொல்லியிருப்பார், அவர்களும் சம்மதித்திருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படிச் சமாளிப்பதுதான் வழக்கம்.

ஆனால் நான் ஆப் செய்கிறவன். யாராவது குறை சொன்னால் உடனே திருத்திக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க மாமா. ஒரு நிமிஷத்துல மாத்திடலாம்."

போனை எடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆப்பின் எழுத்தை நான் திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். ஞாயிறு, தென்மேற்கு என்ற கட்டத்துக்குப் போய், தடை, மனக்கசப்பு எல்லாவற்றையும் அழித்தேன். 'எடுத்த காரியம் இனிதே கைகூடும். புதிய உறவு மலரும்' என்று அடித்தேன். பச்சை நிறம் கொடுத்தேன். இப்போது மூடிவிட்டுத் திறந்து பாருங்கள் என்று முருகேசனிடம் சொன்னேன். எனக்கு அந்த நொடியில் பெருமைதான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவர் மூடிவிட்டுத் திறந்தார். மணி அடித்தது. தென்மேற்கை அழுத்தியதும் திரையில் பச்சை நிறத்தில் கைகூடும் என்று வந்தது. அவர் முகம் மலர்ந்து, அதை மாதப்பனுக்குக் காட்டத் திருப்பினார்.

அப்போது அக்கா பேசினாள். தடைபடும் என்றாள். மனக்கசப்பு என்றாள். இன்று எதையும் முடிவு செய்யாதே என்று, மாமியாரை நினைத்துக்கொண்டு பேசிய அதே அழுத்தத்தோடு, கடைசி வார்த்தை வரை சொன்னாள்.

நிஜ அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மாதப்பன் கேட்டது

முருகேசன் போனை எதிரே இருந்த முக்காலியில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மாதப்பனுக்குக் கோபம் வரவில்லை. அவர் மெல்லப் பேசினார். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் பல்லி கத்தினால் இதைக் கேட்டுவிட்டுத்தான் போவாராம். வெயில் காலத்தில் ஒருநாள் பறித்து வைத்த தக்காளியை வண்டியில் ஏற்றும் நேரத்தில் பல்லி கத்தி, பலன் சரியில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பினாராம். தக்காளி அப்படியே கிரேடிலேயே அழுகி, கடைசியில் மாட்டுக்குப் போட்டார்களாம். மாடுகூட எல்லாவற்றையும் தின்னவில்லை என்றார்.

"அன்னைக்கும் இந்தக் கொரலுதாங்க தம்பி. அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்து அடிச்சீங்களா?"

இல்லீங்க, அது புத்தகத்தில் இருந்ததுங்க என்றேன். அவர் பறித்து வைத்த அந்த நாள் எந்தக் கிழமை, எந்த மூலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அது புத்தகத்தில் இருந்ததா, மங்கிப்போன கட்டத்தில் நான் எழுதியதா என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அப்பா எழுந்தார். நாங்களும் எழுந்தோம். 'சொல்லி அனுப்பறோங்க' என்றார் முருகேசன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கோமதி நின்றிருந்த வாசலைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். உள்ளே யாரோ காபி டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து காரில் ஏறினோம். டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது மாதப்பன் மட்டும் வாசலைத் தாண்டி வேகமாக வருவது தெரிந்தது. என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். மனசு மாறிவிட்டது போலும் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"தம்பி, நாளைக்குக் காலையில பறிப்பு இருக்குதுங்க. ரெண்டும் வேற வேற சொன்னா எதப் பாக்கறதுங்க? எழுதியிருக்கறதயா, அக்கா சொல்றதயா?"

இரண்டையும் பார்க்காதீங்க, அதில் ஒன்றும் இல்லை, போய்த் தக்காளியைப் பறிங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல இந்த உலகத்தில் என்னைவிடத் தகுதியானவன் யாரும் இல்லை. ஆனால் அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இன்னும் என்னை நம்புவதற்கு மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"அக்கா சொல்றதக் கேளுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.